அயல்நாட்டுப் போரும் நம்மூர் மக்களும்

கடல் கடந்த நாட்டில் இரு வேந்தர் மாறுகொண்டு பொருவாராயின், அதனால் நம் கரிசற் காட்டில் ஏர் பிடிக்கும் உழவனுக்கு எய்துவது யாது என வினவுவார் பலர். வேந்தர் போர் வேந்தரோடு ஒழியும் என்பது அவர் கருத்து. அது பொருந்தாது என்பதற்குச் சரித்திரமே சான்று. போர் மூண்ட செய்தி வந்தபோது நம் நாட்டுப் பொதுமக்கள் என் செய்தனர், எதற்கு அஞ்சினர், எதனைப் பெற்றனர், எதனை இழந்தனர் என்பவற்றை ஆராய்தல், தளபதியர் பெயரை நெட்டுருச் செய்வதினும் பயனுடைத்து என்பது என் துணிபு. 1914-ஆம் ஆண்டில் மூண்ட ஐரோப்பா மகாயுத்தத்தை நடுவாக வைத்து அதனை ஈண்டு ஒருசிறிது கூறப் புகுகின்றேன். இதன்கண் நமக்குப் பெருமை தருவனவும் உள. நாணம் தருவனவும் உள. இரண்டையும் மறையாது கூறுதலே சரித்திரம் எழுதுவார்க்குக் கடன்.

முதற்கண் நம் நிலத்தின் இயல்பை நினைவுகூர்வாம். விருதுநகரினின்று சாத்தூர்ச் சாலையில் தெற்கே செல்வார்க்குச் சூலக்கரை தோன்றும். அதனைச் சூழ்ந்த நிலம் கரிசல். ஐப்பசி மழையில் விதைத்துப் பங்குனி சித்திரையில் பஞ்சு எடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். உப்பம், கருங்கண்ணி எனும் பருத்தி வகைகள் இந்நிலத்திற்கே உரியன. இப்பருத்தி வண்டியிலேறி விருதுபட்டிப் பேட்டைக்கும், ஆண்டிருந்து தூத்துக்குடித் துறைக்கும், துறையிலிருந்து மேல்நாட்டு ஆலைகளுக்கும் சென்றது. விருதுபட்டி என்னும் பெயர் விருதுநகர் என மாறியது 1923-ஆம் ஆண்டில். பஞ்சு கடல் கடந்து செல்லத் தொடங்கிய அன்றே, கடல் கடந்த போரும் நம் வாயிலை எய்தும் வழி திறந்தது என்க.

அவ்வழியாக முதன்முதல் வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861 முதல் 1865 வரை அந்நாட்டு வடபாலாரும் தென்பாலாரும் பொருதனர். தென்பாலாரின் துறைமுகங்கள் அடைபட்டமையால் இங்கிலாந்து தேயத்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைத்திலது. இந்தியப் பஞ்சின் விலை பன்மடங்கு ஏறிற்று. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு அஃது ஒரு பொற்காலம். போர் முடிந்தவுடனே விலை சரிந்தது. விலை என்றும் உயர்ந்தே நிற்குமென நம்பிக் கடன் கொண்டோர் கலங்கினர். பம்பாயிற் பெருவணிகரும் நொடித்தனர். பிறர் நாட்டுப் போரால் வந்த செல்வம் அப்போரோடு போகும் என்பது அன்று கற்ற பாடம். ஆயினும் அதனை நாம் நெஞ்சிற் பதித்தோமல்லோம்.

நிற்க. 1914-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் தொடுத்தது. இந்தியா பிரிட்டனுக்கு அடங்கிய நாடாதலின், இந்நாட்டாரை ஒருவரும் வினவாமலே இந்நாடும் போருட்பட்டது. செய்தி தந்தி வழியாகச் சென்னைக்கு வந்தது. 1882-இல் தோன்றி 1899 முதல் நாளிதழாக நடைபெற்ற சுதேசமித்திரன் முதலிய தாள்கள் அதனைப் புகைவண்டி செல்லும் ஊர்தோறும் கொண்டு சென்றன. எழுத்தறிந்தார் ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அக்காலத்து வழக்கம். ஆதலின் ஒரு தாள் ஒருவர்க்கன்றி ஒரு தெருவுக்கே பயன்பட்டது. தாளிற் கண்டது ஒரு பங்கெனின், கேட்டார் வாயிற் பெருகியது பத்துப் பங்கு.

அச்செய்திக்கு மக்கள் ஆற்றிய முதல் எதிர்வினை யாது? போர்க்களத்தைப் பற்றிய கவலையன்று. கைப்பொருளைப் பற்றிய கவலையே. தபாலாபீஸ் சேவிங்ஸ் பாங்கில் பணம் இட்டிருந்தோர் நாடெங்கும் விரைந்து சென்று அதனைத் திரும்பப் பெற்றனர். காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டனர். சவரன் கேட்டவர்களின் கூட்டம் மிகுதியானமையால், ஆகஸ்டு முதல் வாரத்திலேயே தனியார்க்குப் பொன் வழங்குதலை அரசாங்கம் நிறுத்திற்று. இதனை அறியாமை என்று நகைத்தல் முறையன்று. ஆளும் அரசு நிலைக்குமோ என்னும் ஐயம் எழுந்தால், அரசன் கையொப்பமிட்ட தாளினும், அரசன் யாவனாயினும் மதிப்புக் குன்றாத வெள்ளியை நாடுதல் மனித இயற்கை. அறிவாற் சிறந்த மேல்நாட்டாரும் அக்கிழமையில் அதனையே செய்தனர்.

இரண்டாவது கவலை வணிகர்க்கு உண்டாயிற்று. ஜெர்மனி முதலிய ஐரோப்பாக் கண்டத்து நாடுகள் இந்தியப் பஞ்சைப் பெரிதும் கொண்டுவந்தன. போரால் அவ்வாணிகம் அறுபட்டது. அவ்வாண்டு அமெரிக்க விளைவும் மிகுதி. ஆகவே பஞ்சு விலை வீழ்ந்தது. முன்னைப் போர் விலையை ஏற்றியது, இப்போர் இறக்கியது. போருக்கு ஒரு குணமன்று என்பதனை இதனால் அறிக. மதுரையிற் சாயமிடுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. செயற்கைச் சாயம் அந்நாளிற் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தே வந்தது. அது நின்றவுடன் சாய விலை வானளாவிற்று. ஜெர்மனி யாண்டுள்ளது என்றும் அறியாத தறிக்காரர் குடிலில் அடுப்பு அணைந்தது.

மூன்றாவது அச்சமோ கண்கூடாக வந்தது. எம்டன் எனும் ஜெர்மானியப் போர்க்கப்பல், கார்ல் வான் முல்லர் என்பாரைத் தலைவராகக் கொண்டு வங்காளக் குடாக்கடலிற் புகுந்து, வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து மூழ்குவித்தது. கல்கத்தா, ரங்கூன், சென்னை எனும் துறைகளினின்று கப்பல் புறப்பட அஞ்சியது. செப்டம்பர் 22-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி அளவில், அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எதிரே தோன்றி, விளக்கொளி வீசி, ஏறத்தாழ 130 குண்டுகளைச் சொரிந்தது. பர்மா ஆயில் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகள் இரண்டு பற்றியெரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலும் அடிபட்டது. உயிரிழந்தோர் ஒருசிலரே. கரையிலிருந்த பீரங்கிகள் விடை கூறுமுன் தன் செயலை முடித்துக்கொண்டு அக்கப்பல் இருளில் மறைந்தது. உயர்நீதிமன்ற மதிலில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல் இன்றும் காணப்படும்.

குண்டு வீழ்ந்தது அரைமணிக்கும் உட்பட்ட நேரம். ஓட்டம் நிகழ்ந்ததோ பல நாள். எண்ணெய்த் தீ வானைச் செம்மையாக்க, அதனைக் கண்ட நகரத்தார் மறுநாள் முதல் மூட்டை முடிச்சுகளுடன் புறப்பட்டனர். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் புகைவண்டி நிலையங்களை அடைத்தனர். வண்டியில் இடம் பெறாதோர் நடந்தே சென்றனர். கடைகள் அடைபட்டன, பண்டங்களின் விலை உயர்ந்தது. "மறுபடியும் வருவான், நாளை வருவான்" என்று பேசாத வாய் இல்லை. சென்னையில் வணிகம் செய்த தென்னாட்டார் தத்தம் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினர். அவர் வந்து சேர்ந்த ஊர்களில், கண்டது கேட்டதாகி, கேட்டது கதையாகி வளர்ந்தது.

ஆயினும் ஒரு வியப்பை நோக்குக. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், கொக்கோஸ் தீவின் அருகே, சிட்னி எனும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலால் எம்டன் அழிந்தது. கப்பல் அழிந்தும் அதன் பெயர் தமிழில் நின்றது. அகப்படாமல் ஒரு காரியத்தைச் சாதிக்கும் வல்லவனை, "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். எம் வகுப்பில் அடங்காத சிறுவர் பலரை யானே அங்ஙனம் அழைத்துளேன். அச்சொல் ஒரு கப்பலின் பெயர் என்றவுடன் அவர் கண் விரிதலையும் கண்டுளேன். அச்சொல்லில் பகைமை சிறிதும் இல்லை. அச்சமும் வியப்புமே உள. பிடித்த கப்பல்களின் மாலுமிகளை முல்லர் கொல்லாது கரை சேர்த்தார் என்னும் செய்தியும் பரவியிருந்தது. அன்றியும் தம்மை ஆண்டாரின் காவல் அத்துணை உறுதியுடையதன்று என்பதனைச் சென்னை மக்கள் தம் கண்ணாற் கண்டனர். ஆண்டவர் வெல்லவேண்டுமென்று மன்றங்களில் தீர்மானம் நிறைவேற்றியோரும், வீட்டினுள் எம்டனை வியந்தனர். பொதுமக்களின் உள்ளம் தீர்மானங்களில் இல்லை. அவர் ஆளும் சொற்களில் உள்ளது.

படித்தோர் உள்ளமும் ஒருவழிப்பட்டதன்று. அக்காலை இலண்டனிலிருந்த காந்தியடிகள், ஆண்டிருந்த இந்தியரைக் கூட்டிக் காயமுற்றோர்க்கு உதவும் படை அமைத்தார். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவையில் அடைக்கலம் புக்கிருந்த பாரதியார், ஜெர்மானியப் பெரும்படையை எதிர்த்து நின்ற சின்னஞ்சிறு பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடினார். தம் நாட்டை ஆள்வோரின் பகைவரைப் புகழாமலும், ஆள்வோரைப் புகழாமலும், தோற்றாலும் அறத்தின்பால் நின்ற எளியாரைப் புகழ்ந்தது அவர்தம் நுண்ணறிவு.

இனிப் போர் நீண்டபின் நிகழ்ந்ததைக் கூறுவாம். முதல் மாதத்து அச்சம் தணிந்தது. தணியாதது பண்ட முடை. கப்பல்கள் போர்த்தொழிலுக்குச் சென்றமையால் மான்செஸ்டர் துணியும், மண்ணெண்ணெயும், ரங்கூன் அரிசியும் அருகின. வெள்ளி விலை ஏறியமையால் ரூபாயை உருக்குவோரும் புதைப்போரும் பெருகினர். 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டும், 1918-இல் இரண்டரை ரூபாய் நோட்டும் வெளியாயின. கூலியாகப் பெற்ற வெள்ளியைத் தட்டிப் பார்த்து முடிந்துகொண்ட கைகளில் ஒரு துண்டுத் தாள் வந்து வீழ்ந்தது. போரின் பயனை அதனினும் எளிதாக ஏழைக்கு உணர்த்தியது பிறிதில்லை.

1918-ஆம் ஆண்டில் மழையும் பொய்த்தது. மே முதல் செப்டம்பர் வரை சென்னை மாகாணத்திற் பற்பல ஊர்களில் தானியக் கடைகளும் சந்தைகளும் கொள்ளையிடப்பட்டன. செப்டம்பரிற் சென்னை மாநகரத்தும் அது நிகழ்ந்தது. கொள்ளையிட்டோர் பெரும்பாலும் கள்வரல்லர். ஆலைக் கூலிகள், நெசவாளர், நாட்கூலி மாந்தர். கடைக்காரரை நோக்கி அவர் கூறியது ஒன்றே: பழைய விலைக்குக் கொடு என்பது. அதன்பின் விஷ சுரம் வந்து நாடெங்கும் மக்களை வாரிக்கொண்டது.

ஈண்டு யான் முன்னர்க் குறித்த நாணத்தைப் பற்றிச் சொல்லவேண்டியுளது. நாம் வணிகர் மரபினர். அந்நாளில் அடைபட்ட கடைகள் யாருடையன? பதுக்கிய மூட்டைகள் யாருடையன? வணிகர் யாவரும் பதுக்கினார் என்று கூறுதல் பழியாகும். தாமே உயர்ந்த விலைக்கு வாங்கிய பண்டத்தைப் பழைய விலைக்கு விற்க இயலாது தவித்த சிறுகடைக்காரர் அநேகர். கொள்ளையிற் கெட்டொழிந்தோரும் அவரே. ஆயினும் முடை நீளுமென நம்பிக் கதவடைத்தோர் ஒருவருமிலர் என்று கூறுதலும் பொய்யாகும். பிறர் பொருளையும் தம் பொருளைப் போலக் காத்து வாணிகம் செய்க என்று வள்ளுவனார் வகுத்த இலக்கணத்தை நம் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். அவ்விலக்கணம் பண்டம் மலிந்த காலத்திற்கன்று. பண்டம் அருகிய காலத்திற்கே உரியது.

இதற்கு மாறாக நமக்குப் பெருமை தருவதனையும் கூறுவேன். விருதுபட்டி வணிகர் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை ஒதுக்கிப் பொதுக்காரியம் நடாத்தியதும், வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடாத்தியதும் யாவரும் அறிந்தன. காமராசர் பயின்றது அப்பிடியரிசிப் பள்ளியிலேயே. போர் மூண்டபோது அவர் பதினொரு வயதுச் சிறுவர். படிப்பை விடுத்துத் தாய்மாமனாரின் துணிக்கடையில் அமர்ந்த காலமும் அதனையடுத்ததே. அடுப்பிலிடு முன் ஒரு பிடியை எடுத்துப் பிறர் மகவுக்கென்று வைத்த கையும், கதவடைத்த கையும் ஒரே ஊரில் இருத்தல் கூடும். ஒரே மனிதனிடத்தும் இருத்தல் கூடும். அச்சம் எந்தக் கையை நீட்டச் செய்கிறது என்பதே வினா.

அச்சமின்றி ஆராய்ந்தோர் பெற்ற பயனுக்குச் சிவகாசி சான்று. போருக்கு முன் நம் நாட்டிற் பயின்ற தீப்பெட்டிகள் சுவீடன், ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. ஒரு தீக்குச்சிக்கும் கடல் கடந்த நாட்டை நோக்கி நிற்கும் இழிவைப் போர்க்காலம் உணர்த்திற்று. 1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டே சிவகாசியினின்று திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். முதலில் ஜெர்மனியிலிருந்து எந்திரம் தருவித்தனர் என்பர். முன்னாட் பகைவரே பின்னாள் எந்திரம் விற்றனர். போரின் பகைமை எத்துணைக் குறுகியது என்பதற்கு இதுவே சான்று. மழை குறைந்த இந்நிலத்தில் வறண்ட காற்றும் வேலைக்கு ஏங்கிய கைகளும் அத்தொழிற்குத் துணையாயின.

அடுத்த போர் 1939 செப்டம்பரில் மூண்டது. வைசிராய் லின்லித்கோ இந்நாட்டாரைக் கலவாமலே இந்தியாவும் போரில் உள்ளது என அறிவித்தார். அதனை மறுத்து இராஜாஜியின் மந்திரிசபை அக்டோபரில் விலகிற்று. 1914-இல் வாய் மூடியிருந்த நாடு 1939-இல் "எம்மைக் கேட்டீரோ?" என்று வினவியது. இருபத்தைந்து ஆண்டுகளில் பொதுமக்கள் அடைந்த வளர்ச்சி அவ்வொரு வினாவில் அடங்கும். 1940 இறுதியிற் சிறைப்பட்ட காமராசரை, அவர் சிறையிலிருக்கும்போதே விருதுநகரத்தார் நகரசபைத் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். விடுதலையாகி வந்த அவர் அப்பதவியை ஏலாது உடனே விலகினார்.

இப்போரிலும் ஓட்டம் நிகழ்ந்தது. முன்னையதினும் பன்மடங்கு கொடியது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீழ்ந்தது. பர்மாவில் வாழ்ந்த இந்தியர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். பல்லாயிரவர் வழியிலே மாண்டனர். 1942 ஏப்ரலிற் கொழும்பிலும், விசாகப்பட்டினத்திலும், காக்கிநாடாவிலும் குண்டுகள் வீழச் சென்னை மீண்டும் காலியாயிற்று. இம்முறை ஓடுமாறு கூறியது அரசாங்கமே. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றன. மிருகக்காட்சிசாலையிலிருந்த கொடிய விலங்குகள் தப்பிவிடுமென்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. 1914-இல் ஓடிய மக்களைப் பேதையர் என்று இகழ்ந்த அதிகாரிகள் 1942-இல் தாமே முன்சென்றனர் என்பதனை நாம் மறத்தலாகாது. சிவகாசிக்கோ இப்போரும் ஒரு தொழிலைத் தந்தது. அயல்நாட்டு வாணங்கள் வருவது தடைப்படவே, 1940-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்றுப் பட்டாசுத் தொழில் தழைக்கலாயிற்று. ஒரு வீட்டிற் பர்மாவினின்று வெறுங்கையோடு வந்த உறவினர் அழுதிருக்க, மற்றொரு வீட்டிற் புதுத்தொழிலின் வருவாய் வந்தது. போர் தராசு பிடிப்பதில்லை.

இவற்றாற் பெறப்படுவன யாவை? போர்ச் செய்தி வந்தவுடன் மக்கள் தம் பொருளையும் மக்களையும் காக்க முயல்வர், அது குற்றமன்று. வதந்தி குண்டினும் தொலைவு செல்லும். சென்னையிற் குண்டால் இறந்தோரை விரல்விட்டு எண்ணலாம், வதந்தியால் வீடிழந்தோரை எண்ணல் அரிது. போரால் வரும் ஆதாயம் நிலையாது. தொழிலாக மாற்றப்பட்டதே நிலைக்கும். பெருந்துயர் வருவது முதல் நாளிலன்று; நாடு போரை மறந்து பேசத் தொடங்கிய மூன்றாம், நான்காம் ஆண்டில், ஏழையின் அடுப்படியிலேயே வரும்.

இவை பழங்கதை என்று கருதற்க. 2022 பிப்ரவரி 24-இல் உக்ரைன் நாட்டிற் போர் மூண்டது. ஆண்டு மருத்துவம் பயின்ற தமிழ் மாணவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பெற்றோர் கண்ணீரோடு எதிர்நோக்கினர். நம் நாட்டுக்கு அந்நாளில் வந்த சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி அந்நாட்டினதாதலின், எண்ணெய்க்குப் பெயர்பெற்ற நம் விருதுநகர்ச் சந்தை ஒரு கிழமைக்குள் அப்போரை உணர்ந்தது. 1914-இல் திண்ணையிற் படித்த செய்தி இன்று வாட்ஸ்அப் வழியாக நொடியில் வருகின்றது. உடன் வரும் வதந்தியும் அவ்வாறே. கருவி மாறியது; கேட்பார் நெஞ்சு மாறியதன்று.

ஆகவே சங்கத்து உறுப்பினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் யான் வேண்டுவது ஒன்று. அயல்நாட்டில் மீண்டும் ஒரு போர் மூளுமாயின், அன்று மாலை நம் கடை வாயிலில் வந்து நிற்பவன் முகத்தை நோக்குக. அவன் வாங்க வந்தது ஒரு படி அரிசியோ, ஒரு குப்பி எண்ணெயோ ஆகலாம். அறிய வந்தது நாளையும் இக்கதவு திறந்திருக்குமோ என்பதே. நேற்றைய விலைக்கு நேற்று வாங்கிய பண்டத்தை நேற்றைய விலைக்கே அவனுக்கு அளப்போமாயின், பிடியரிசி எடுத்த முன்னோர்க்கு நாம் உரிய வழித்தோன்றல்கள் ஆவோம்.